ஆறு வோல்ட் கிட்டும் அத்திபெலேக்காரர் கையும்

1. திரும்பி வந்த பார்சல்

பன்னிரண்டாவது பார்சல் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. பிரிக்காமலே தெரியும். உள்ளே எங்கள் கிட் இருக்கும், கூடவே ஒரு கடிதம், அதில் ‘கொர்ரென்று சத்தம் வருகிறது’ என்று ஒரு வரி.

பேக்கிங் பகுதியில் இருந்த ஷமீம் அதை என் மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். "க்யா அக்கா, உன் பொண்ணு மறுபடியும் மாமியார் வீட்லேர்ந்து கோச்சிக்கிட்டு வந்துட்டாளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணைப் பெற்றவள் நான்தான். போர்டு நான் வரைந்தது.

இது தொண்ணூறுகளின் பாதியில் நடந்தது. ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் யூனிட் இருந்தது. லைனில் சால்டர் அடித்த போர்டுகள் கடைகளுக்குப் போகும்; அதோடு, வீட்டில் பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்களுக்குத் தபாலில் கிட் அனுப்புவதும் தொழில். கிட் என்றால் ஒரு கவரில் வெறும் போர்டு, பாகங்கள், செய்முறைத் தாள். வாங்குகிறவர் வீட்டில் உட்கார்ந்து தானே சால்டர் செய்துகொள்ள வேண்டும். நான் கோலார் தங்கவயலிலிருந்து வந்து ஆறு வருடம் லைனில் சால்டர் அடித்தவள். பிறகுதான் வரையும் மேஜைக்கு ஏறினேன். கம்ப்யூட்டர் எல்லாம் எங்களிடம் இல்லை. கண்ணாடி மேஜைக்கு அடியில் விளக்கு எரியும், மேலே பிளாஸ்டிக் தாள், அதில் கறுப்பு டேப்பை ஒட்டி ஒட்டித்தான் ட்ராக், அதாவது கரண்ட் ஓடும் செம்புப் பட்டை, போட வேண்டும். லைனிலிருந்து அந்த மேஜைக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

கிட்டின் வேலை இதுதான்: பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து ஆறு வோல்ட் எடுத்து டேப் ரெக்கார்டர் ஓட்டுவது. பழைய கிட்டில் சாதாரண ரெகுலேட்டர் போட்டிருந்தோம். மிச்சமான வோல்டேஜை எல்லாம் அது சூடாக்கித்தான் தீர்க்கும். அதன் மேல் தோசை சுடலாம். புதிய கிட்டில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர். அது கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை போட்டுப் போட்டு அணைக்கும். அந்தத் துண்டு துண்டான கரண்டைக் காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்து சமப்படுத்தும். சூடு கிடையாது. விளம்பரத்திலேயே ‘சூடாகாத சப்ளை’ என்று போட்டிருந்தோம்.

2. ப்ரேயரில் நிற்கும் பிள்ளைகள்

ஃபில்டர் கெபாசிட்டர் என்றால் என்ன என்று முதலாளி மஞ்சுநாத் சார் எனக்கு ஒரே நிமிடத்தில் தன் கன்னடத் தமிழில் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"உங்க வீட்ல சம்ப் இருக்குதல்ல, தரைக்கு அடியில தண்ணித் தொட்டி? கார்ப்பரேஷன் தண்ணி விட்டு விட்டு வருது. சம்ப் ரொம்புது. நீ குழாய் திறந்தா ஒரே மாதிரி வருது. அஷ்டே, அவ்ளோதான். கெபாசிட்டர்னா சம்ப்."

நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் வினை.

லைனில் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கெபாசிட்டர் உடம்பில் அச்சடித்த எழுத்து எல்லாம் ஒரே பக்கம், ஆளைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் செக்கிங்கில் எடுத்துப் பார்க்கிறவர் ஒரே பார்வையில் மதிப்பைப் படிக்க முடியும். ஒன்று திரும்பி நின்றாலும் போர்டு திரும்பி வரும். ஆறு வருடம் இப்படியே பழகிய கை, மேஜைக்கு வந்ததும் அதையே செய்தது. கரண்டைப் போட்டு அணைக்கும் ரெகுலேட்டர் ஐசியை நடுவில் வைத்தேன். கெபாசிட்டர்களை எல்லாம் போர்டின் முன் விளிம்பில், பள்ளிக்கூட ப்ரேயரில் பிள்ளைகள் நிற்பதுபோல், ஒரே வரிசையில் நிறுத்தினேன். அங்கிருந்து ஐசிக்கு மூன்று அங்குல நீளத்துக்கு ட்ராக், வளைவு ஒவ்வொன்றும் ஒரே அளவு. சார் பார்த்துவிட்டு, "ஃபென்டாஸ்டிக். எஷ்டு நீட்டா இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார். அன்று மதியம் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

3. பல்பு நன்றாகத்தான் எரிந்தது

திரும்பி வந்த கிட் ஒவ்வொன்றையும் நான்தான் டெஸ்ட் செய்தேன். பேட்டரி கொடுப்பேன். வெளியே ஒரு ஆறு வோல்ட் பல்பை மாட்டுவேன். பளிச்சென்று எரியும். மல்டிமீட்டர் வைத்தால் 6.02. எந்தக் கிட்டை மாட்டினாலும் 6.02. பிறகு எங்கே கொர்ர்?

இப்போது இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. டேப் ரெக்கார்டருக்காகச் செய்த கிட்டை ஒரு டேப் ரெக்கார்டரில் மாட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் இருந்தது. பாட்டுக் கேட்டால் கை நின்றுவிடும் என்று சார் யூனிட்டுக்குள் டேப்பும் ரேடியோவும் கூடாது என்று அறிவிப்புப் பலகையே மாட்டியிருந்தார். அதனால் பல்பு. பல்புக்கு ஏது காது?

பல்பு எரிகிறது, மீட்டர் சரி என்கிறது, ஆனால் வாடிக்கையாளர் சத்தம் வருகிறது என்கிறார். அப்படியானால் தவறு யாருடையது? வாடிக்கையாளருடையது. யூனிட்டின் பெயர் அச்சடித்த தாளில், சீல் வைத்து, எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதி, கிட்டோடு திருப்பி அனுப்பினேன்: ‘தங்கள் கிட் பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை. தங்கள் சால்டரிங்கில் கை நடுக்கம் தெரிகிறது. பொறுமையாகச் செய்து பார்க்கவும்.’

அந்தக் கை நடுக்க வரி என் சொந்தச் சரக்கு இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் என் போர்டைத் தூக்கி எல்லோர் முன்னாலும், "ஏம்மா, கை நடுங்குதா உனக்கு?" என்று கேட்டார். பாத்ரூமில் போய் அழுதேன். பட்டும் புத்தி வரவில்லை என்பார்களே, அதுதான். என்னை அழவைத்த வாக்கியத்தைத்தான் பன்னிரண்டு பேருக்கு எழுதி அனுப்பினேன். அவர்களுடைய சால்டரிங்கை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

4. கூட்டினால் குறைய வேண்டும்

பன்னிரண்டாவது பார்சலோடு சாரின் பொறுமை தீர்ந்தது.

"ஏனு கௌதமி, மத்தே பந்தா? மறுபடியும் வந்துடுச்சா? இங்க பாரு. சனிக்கிழமைக்குள்ள என்ன ஏதுன்னு கண்டுபிடி. இல்லன்னா கிட்டை நிறுத்திடறேன். டிப்ளமோ முடிச்ச ஒருத்தர் வரேன்னு சொல்லியிருக்கார். மேஜையை அவருக்குக் கொடுத்துட்டு நீ லைனுக்குப் போ."

ஷமீமின் தம்பியிடமிருந்து ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, மதிய இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் மறைத்து வைத்துக் கேட்டேன். கொர்ர். வாடிக்கையாளர்கள் பொய் சொல்லவில்லை. பாட்டுக்குப் பின்னால் யாரோ பொரிகடலை அரைப்பதுபோல் இருந்தது.

அட, இவ்வளவுதானே, சம்ப் சின்னது, பெரிதாக்குவோம் என்று நினைத்தேன். நூறு மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் நானூற்று எழுபது போட்டேன். சத்தம் போகவில்லை. ஆயிரம் போட்டேன். அது போர்டில் உட்காரவில்லை. அதனால் வரிசையை இன்னும் வெளியே தள்ளி, ட்ராக்கை நீட்டினேன். சத்தம் கூடியது. இரண்டாயிரத்து இருநூறு போட்டேன். அதற்கு இடமே இல்லை. ஒரு சாண் ஒயர் இழுத்து வெளியே வைத்தேன். அன்றைக்குப் பாட்டே கேட்கவில்லை, அரவை மட்டும்தான் கேட்டது.

சம்ப் பெரிதானால் தண்ணீர் எப்படி மோசமாகும்? ஐசியை மாற்றினேன். காயிலை மாற்றினேன். புதன், வியாழன், வெள்ளி எல்லாம் இப்படியே போயின. வெள்ளிக்கிழமை, ‘ஐசி வந்த லாட் சரியில்லை’ என்று சாருக்கு ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் மேஜை காப்பாற்றப்படும்.

5. தோல்பையோடு வந்தவர்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் தோல்பை, சட்டைப் பையில் வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ்.

"லெட்டர் எழுதுற மேடம் யாருங்க?"

"நான்தான் சார். சொல்லுங்க."

"என் பேரு ஏகாம்பரம். அத்திபெலேல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன்." பையிலிருந்து நான் எழுதிய கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். மடிப்புகளில் கிழியும் அளவுக்கு அதைப் படித்திருந்தார். "எனக்குக் கை நடுங்குதுன்னு எழுதியிருந்தீங்க."

கிட்டுக்காகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, "வேற கிட் தந்துடறோம் சார்" என்றேன்.

"கிட்டு கிடக்கட்டும் மேடம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நெஜமாவே நடுங்குதா? எங்க அப்பாவுக்கு அம்பது வயசுல நடுக்கம் வந்துதுங்க. எனக்கும் வந்துடுச்சோன்னு நெனச்சிட்டேன். லேடீஸ் வாட்ச் எடுக்கறதை விட்டு மூணு மாசம் ஆவுது. வர்றவங்களை ஓசூருக்குப் போங்கன்னு சொல்லி அனுப்பிடறேன். கடுதாசியை முதல்ல படிச்சது என் வீட்டுக்காரி. அவ எனக்கு அரை டம்ளர் காபிதான் தர்றா. கேட்டா, ரொம்பக் குடுத்தா சிந்திடுவீங்கன்றா."

ஷமீம் பேக்கிங்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யாருடைய சால்டரிங் எது என்றுகூட எனக்கு நினைவில்லை.

"நீங்க எழுதுன அப்புறம் அதே போர்டைப் பிரிச்சுப் பிரிச்சு அடிச்சேன்" என்றார். "சூட்டுல செம்புப் பட்டை எல்லாம் பேந்து வந்துடுச்சு. கண்டென்சர் வெக்க எடமே இல்ல. சரின்னு ஐசி கால்லயே நேரா முறுக்கி அடிச்சிட்டேன். அசிங்கமா இருக்குது, காமிக்கவே கூசுது. ஆனா பாருங்க, பாட்டு மட்டும் சுத்தமா வருது. அதான் எனக்கு ஒண்ணும் புரியல. நல்ல கையில அடிச்சப்ப சத்தம் வந்துது, அசிங்கமா அடிச்சா வரல. அப்ப என் கை நல்ல கையா, கெட்ட கையா?"

பையிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டரும், கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு போர்டும் எடுத்தார். சுற்றலைப் பிரித்தார். நான் வரைந்த அழகான போர்டு கருகி, தோல் உரிந்து கிடந்தது. விளிம்பில் இருக்க வேண்டிய இன்புட் கெபாசிட்டர், அவர் சொன்ன கண்டென்சர், ஐசியின் முதல் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவே, தொட்டிலில் போட்டதுபோல் சாய்ந்து தொங்கியது. எழுத்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் லென்ஸை நீட்டினார். "பாருங்க."

வாங்கிக் கண்ணில் வைத்தேன். அதுவரை ஒரு வாடிக்கையாளரின் சால்டரிங்கையும் அப்படிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு புள்ளியும் பளபளவென்று, சீராக இருந்தது. லைனில் ஆறு வருடம் அடித்த என் கைக்குக்கூட அப்படி வராது.

அவர் போர்டை மாட்டி, யூனிட்டுக்குள்ளேயே டேப்பை ஓடவிட்டேன். பாட்டு சுத்தமாக வந்தது. அவர் போர்டைக் கழற்றிவிட்டு, என் மேஜையில் இருந்த புத்தம் புதிய போர்டை மாட்டினேன். கொர்ர். திரும்ப அவருடையதை மாட்டினேன். சுத்தம். லைனில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஐசி இரண்டிலும் ஒரே லாட். நான் எழுதி வைத்திருந்த குறிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது.

பாட்டுச் சத்தம் கேட்டு மஞ்சுநாத் சார் அறையிலிருந்து வந்தார். "யாரு டேப் போட்டது?"

அந்த நேரத்தில் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஏகாம்பரத்துக்கு ஒரு புதிய கிட்டைக் கொடுத்து, பழையதை வாங்கிக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அந்தக் கேள்வியோடுதான் ஓசூர் ரோடு பஸ்ஸில் திரும்பிப் போவார். அரை டம்ளர் காபி அரை டம்ளராகவே இருக்கும்.

"நான்தான் சார். தப்பு என் ட்ராயிங்ல இருக்குது. எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா ட்ராயிங்லதான்."

6. ஸ்கோப்பின் கவர் கழன்றது

சாரின் அறையில், வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஓர் ஆசிலோஸ்கோப் இருந்தது. பூப்போட்ட துணியில் தைத்த கவரோடு, பெரிய ஆட்கள் வரும்போது காட்ட மட்டும். அன்றைக்குக் கவரைக் கழற்றினார்.

என் போர்டை மாட்டியதும் திரையில் கோடு முழுக்க முள் முள்ளாக நின்றது. ஏகாம்பரத்தின் போர்டை மாட்டியதும் முள் எல்லாம் குட்டையாகிப் படுத்துவிட்டது. சார் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஸ்விட்ச் ஆகற நேரத்துல ஐசிக்குக் கரண்ட் உடனே வேணும். நம்ம ட்ராக் மூணு இஞ்ச். அவ்ளோ ஃபாஸ்ட்டுல அந்த ட்ராக்கே ஒரு காயில் மாதிரி தடுக்குது. முள்ளு வருது. அந்த முள்ளைப் பார்த்து ஐசி குழம்பி, தாறுமாறா போட்டு போட்டு அணைக்குது. அதான் சத்தம்."

"அப்ப சம்ப் பெரிசா இருந்தா?"

"சம்ப் எவ்ளோ பெரிசா இருந்து என்னம்மா? தாகம் எடுக்கறவன் இங்க இருக்கான். நாம சம்பைத் தெருமுனையில கட்டினோம்."

நான் இரண்டாயிரத்து இருநூறைப் போட்டபோது சத்தம் ஏன் கூடியது என்று அப்போதுதான் விளங்கியது. பெரிதாக்கும் சாக்கில் ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். முழுக்க விளங்கியது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று யோசித்தால் பாதி வழியில் குழம்பித்தான் போகிறேன்.

ஏகாம்பரம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "அப்ப என் கை?"

"உங்க கையில ஒண்ணுமில்லண்ணா. நான் சரியா பார்க்காம எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் கிளம்பவில்லை. "இதையும் அதே பேப்பர்ல எழுதிக் குடுங்க. சீல் வெச்சு."

சார் நெளிந்தார். "லெட்டர்ஹெட்ல நம்ம தப்புன்னு எழுதினா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க சார்."

"முதல் லெட்டர் அதுலதானே சார் வந்துது?" என்றார் ஏகாம்பரம். குரலை உயர்த்தவே இல்லை.

சார் என்னைப் பார்த்தார், தாளை நகர்த்தினார். நான் எழுதினேன்: ‘தங்கள் கையில் எந்த நடுக்கமும் இல்லை. தவறு எங்கள் வரைபடத்தில்.’ சார் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தார்.

ஏகாம்பரம் போன பிறகு சார், "ட்ராயிங்குக்கு நான்தானே சைன் போட்டேன், உன்னை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றார். ஆனாலும் திங்கட்கிழமை டிப்ளமோக்காரர் மேஜைக்கு வந்தார், நான் லைனுக்குப் போனேன். மற்ற பதினொரு பேருக்கும் அதே வரியை எழுதினேன், கூடவே கெபாசிட்டரை எங்கே அடிக்க வேண்டும் என்று ஒரு படம். நான்கு மாதத்தில் டிப்ளமோக்காரருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. மேஜை என்னிடமே திரும்பி வந்தது. முதல் வேலையாக அந்த ஆறு வோல்ட் போர்டைத் திரும்ப வரைந்தேன். கெபாசிட்டர் கோணலாக, ஐசியின் காலை இடித்துக்கொண்டு, எழுத்து சுவரைப் பார்த்து நின்றது. செக்கிங்கில் திருப்பி அனுப்பினார்கள். நான் திரும்ப அனுப்பினேன்.

7. அத்திபெலே

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அந்த மேஜையில் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, டேப் ஒட்டுவது போனது. புதிதாக வரைய வருகிறவர்களிடம் இரண்டு விஷயம்தான் சொல்வேன். முதலில் ஐசியை வை, அடுத்து அதன் கெபாசிட்டரை வை, அழகு எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, உன் கண்ணால் பார்க்காத கையைப் பற்றிக் கடிதம் எழுதாதே.

கடிதம் கொடுத்த அடுத்த மாதம் ஏகாம்பரத்திடமிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. ‘மேடம், வீட்டில் நம்பவில்லை. முதல் கடுதாசியும் இதே பேப்பர்தானே, இதே சீல்தானே, எதை நம்புவது என்கிறாள். ஓசூர் பக்கம் வந்தால் கடைக்கு ஒரு நிமிடம் வந்து போகவும்.’

நியாயமான கேள்வி. எனக்கு ஓசூரில் ஒரு வேலையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேக்கே டிக்கெட் எடுத்துப் போனேன்.

கடை என் பழைய மேஜை அளவுதான் இருந்தது. பின்னால் ஒரு திரை, அதற்குப் பின்னால் வீடு. நான் யார் என்று அவர் உள்ளே சொன்னார். அங்கிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது.

"வாட்சைக் கழட்டுங்க" என்றார்.

"நல்லாதானே ஓடுது?"

"ஓடட்டும். கழட்டுங்க."

கொடுத்தேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். எள்ளில் பாதி இருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

"ஆடுதா மேடம்?"

"இல்லண்ணா."

"சத்தமா சொல்லுங்க. உள்ள கேக்கணும்."

"ஆடலண்ணா. கொஞ்சம்கூட ஆடல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்து இரண்டு டம்ளர் காபி வைத்தார். இரண்டும் விளிம்பு வரை இருந்தன. ஏகாம்பரம் தன்னுடையதை ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துக் குடித்தார். நான் எடுத்ததுதான் சிந்தியது.